கொத்தரிசியும் கோப்பைச் சீனியும்

(கல்முனையில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் முழு வடிவம்)

 

இன்றைய கூட்டத்தில் சீனியைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று அறிவித்தபோது, கட்சித் தோழர் ஒருவர் சிரித்தார். “வைத்தியர் பேச வேண்டியதை அப்புக்காத்து ஏன் பேச வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், இந்த நாட்டிலே அரிசியும் மாவும் சீனியும் வைத்தியரின் கையில் என்றைக்காவது இருந்ததுண்டா? மந்திரி கையெழுத்திட்ட வர்த்தமானியிலும், துறைமுகத்துக் கப்பலிலும், வரவு செலவுத் திட்ட உரையிலும் அல்லவா அவை இருந்து வந்திருக்கின்றன? நம் கோப்பையில் எத்தனை கரண்டி விழ வேண்டும் என்பதை நாமே தீர்மானிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தீர்மானத்தின் பெரும்பகுதியை நமக்காக வேறு சிலர் எடுத்து முடித்துவிட்டார்கள் என்பதே என் வழக்கு. அதனை நிரூபிக்க உங்கள் அனுமதியோடு சில சான்றுகளை முன் வைக்கிறேன்.

முதற் சான்று அரிசி.

1942ஆம் ஆண்டு பர்மாவை ஜப்பானியர் பிடித்தார்கள். அதுவரை இலங்கையின் பானையை நிரப்பி வந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் புத்தகம் வந்தது. அரிசி போதாத இடத்தை நிரப்பக் கோதுமை மாவும் வந்தது. அதற்கு முன்னர் நம் பாட்டிமார்களின் சமையலறையில் கோதுமை மா அன்றாடப் பண்டமாக இருந்ததில்லை. யுத்தம் முடிந்தது, ஜப்பானியர் போயினர், கோதுமை மா மட்டும் போகவில்லை. 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு, பாணும் பராட்டாவும் கொத்து ரொட்டியும் நம் கடைத்தெருவின் நிரந்தரக் குடிகளாயின. இன்று காலையில் பாண், பகலில் சோறு, இரவில் பராட்டா என்று உண்கிற இளைஞனிடம், “தம்பி, நீ மூன்று வேளையும் ஒரே பொருளைத்தான் உண்கிறாய்” என்று சொன்னால் நம்ப மாட்டான். பெயர் மூன்று, வயிற்றுக்குள் சென்றபின் மூன்றும் ஒன்றே. மாப்பொருள் அனைத்தும் கடைசியில் இரத்தத்தில் சீனியாகவே கலக்கிறது.

யுத்தம் தந்த பங்கீடு மக்களின் உரிமையாக மாறிய வரலாற்றையும் நாம் மறக்கலாகாது. 1953இல் கொத்தொன்று 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியை 70 சதமாக உயர்த்திற்று அன்றைய அரசாங்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த மதிய உணவையும் நிறுத்திற்று. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க் கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அந்த ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மீண்டும் ஆட்சிக்கு வந்த அவரே, 1966இன் முடிவில், வாரம் இரண்டு கொத்தாக இருந்த அரிசியை ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக வழங்கினார். குறைத்த கொத்தைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதி 1970ஆம் ஆண்டுத் தேர்தல் மேடையெங்கும் முழங்கிற்று. அந்தத் தேர்தலில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா பெற்ற வெற்றியை நீங்கள் அறிவீர்கள்.

இதனை ஏன் சொல்லுகிறேன்? ஏழையின் சோற்றுக்காகச் சிந்திய இரத்தம் இந்த மண்ணில் உண்டு. “குறைத்து உண்” என்ற சொல்லை இந்நாட்டு ஏழை, அதிகாரத்தில் இருப்பவன் வாயிலிருந்தே எப்போதும் கேட்டிருக்கிறான். அதனால் அதனைச் சந்தேகிக்கிறான். அவன் சந்தேகம் தவறன்று. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறியது. அந்நாட்களில் முட்டையையும் மீனையும் பருப்பையும் கைவிட்டுச் சோற்றையும் சம்பலையும் கொண்டு வயிற்றை நிரப்பிய குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் போய்ச் சோற்றைக் குறையுங்கள் என்று மொட்டையாகச் சொல்பவன் அரசியல் ஊழியன் அல்லன். அவன் வெறும் உபதேசி. நான் கேட்பது வேறு. சோறு குறைகிற இடத்தில் மீனும் முட்டையும் பயறும் மரக்கறியும் வந்து அமர வேண்டும். வெற்றிடத்தை விட்டுவிட்டுப் போக நான் வரவில்லை.

சீனியின் கணக்கு

இரண்டாம் சான்று சீனி. இதன் வழக்கு இன்னும் வெளிப்படையானது.

நம் அம்பாறை மாவட்டத்திலேயே ஹிங்குராணையில் கரும்பாலை இருக்கிறது. ஆயினும் நாடு உண்ணும் சீனியில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு கப்பலில் வருவதே. ஆகவே சீனியின் விலையைத் தீர்மானிப்பது துறைமுகத்து வரி. 2020 ஒக்டோபர் 13ஆம் நாள், ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த விசேட வியாபாரப் பண்ட வரி, ஒரே வர்த்தமானியில் 25 சதமாகச் சுருங்கியது. ஐம்பது ரூபா எங்கே, கால் ரூபா எங்கே! மக்களின் வாழ்க்கைச் செலவைக் குறைப்பதற்காக என்றார்கள். கடையில் விலை அதற்கேற்ப விழுந்ததா? விழவில்லை. தேசிய கணக்காய்வு அலுவலகம் பின்னர் ஆராய்ந்து, அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 1,595 கோடி ரூபா வருமானம் இழப்பு என்று கணக்கிட்டது. சலுகை நுகர்வோனைச் சென்றடையவில்லை என்றும் கண்டது. 2023 நவம்பரில் வரி மறுபடியும் 50 ரூபாவாயிற்று. இந்த மூன்றாண்டுக் கூத்திலே நோயாளிக்கு நன்மை உண்டா? ஏழைக்கு நன்மை உண்டா? திறைசேரிக்கு உண்டா? நன்மை யாருக்கு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இங்கே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

நல்ல சட்டம் வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 2016 ஆகஸ்ட் முதலாம் நாளிலிருந்து, குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறி கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை; இடைப்பட்டது செம்மஞ்சள் என்று அவ்விதிகள் வகுத்தன. சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டுக்கும் பதினொன்றுக்கும் இடையே எவ்வளவு பெரிய வெளி! பத்தரைக் கிராமில் நிற்கும் பானமும் செம்மஞ்சள், மூன்று கிராமில் நிற்பதும் செம்மஞ்சள். வேலி போட்டார்கள், ஆனால் எருமை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போட்டார்கள்.

அடுத்து, 2017 நவம்பரில், மங்கள சமரவீர நிதி மந்திரியாக இருந்தபோது, குளிர்பானத்தில் உள்ள சீனியில் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி வந்தது. 40 கிராம் சீனி அடங்கிய போத்தலுக்கு 20 ரூபா. நிறுவனங்கள் கூக்குரலிட்டன. ஆட்சிக் குழப்பங்களுக்கிடையே வரி குறைக்கப்பட்டது, திருத்தப்பட்டது. மெக்சிக்கோ 2014இல் லீற்றருக்கு ஒரு பெசோ என்று வரி போட்டு அதில் நிலைத்து நின்றது. பிரித்தானியா 2018 ஏப்ரலில் சீனியின் அளவுக்கேற்பப் படிப்படியான வரி கொண்டு வந்தது. வரிக்கு அஞ்சிய உற்பத்தியாளர்கள் பானங்களில் சீனியைத் தாமாகவே குறைத்தார்கள். குடிப்பவன் சட்டப் புத்தகம் படிக்கவில்லை, வைத்தியரிடம் போகவில்லை. அவன் போத்தலில் சீனி குறைந்துவிட்டது. இதைத்தான் நான் அரசியல் என்கிறேன்.

பிரித்தானியாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் ஹர்த்தால் நடந்த அதே 1953ஆம் ஆண்டு, ஒரு மாதம் கழித்து, செப்டம்பரில், பிரித்தானியாவில் யுத்தகாலச் சீனிப் பங்கீடு முடிவடைந்தது. முடிந்த உடனே அந்நாட்டு மக்கள் உண்ட சீனி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. எழுபது ஆண்டுகள் கழித்து, 2024இல், சயன்ஸ் என்ற விஞ்ஞான சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பங்கீட்டுக் காலத்தில் கருவில் இருந்து, பிறந்து, முதலிரண்டு வயதைக் கழித்த பிள்ளைகளையும், பங்கீடு முடிந்தபின் கருவான பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். குறைந்த சீனியோடு வாழ்வைத் தொடங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் நூற்றுக்கு 35 அளவில் குறைவு. உயர் இரத்த அழுத்தம் நூற்றுக்கு 20 அளவில் குறைவு. தாய்மார்களே, இதனைக் கவனியுங்கள். பிள்ளை பிறக்குமுன்பே தொடங்குகிறது இந்தக் கணக்கு. பால் குடிக்கும் குழந்தைக்குச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதும், இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் குளிர்பானப் போத்தலைக் கொடுத்து அழுகையை நிறுத்துவதும் அன்பின் செயல் என்றே செய்கிறோம். (சீனிக்குக் கூப்பன் கொண்டுவரச் சொல்லிக் கல்முனையில் ஒருவர் பேசினார் என்று நாளை யாரும் எழுதிவிட வேண்டாம்! அந்த எண்ணம் எனக்கில்லை.)

உறுதிகள் சொல்லும் கதை

நோயின் அளவு என்ன? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு என்று அது கண்டது. அந்த வாசற்படியில் நிற்போரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர். நோயுற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலைமை சீர்ப்பட்டிருப்பதாகச் சொல்லும் ஒரு வைத்தியரையும் நான் சந்திக்கவில்லை. நம் இனத்தவருக்கு, தெற்காசியர் அனைவருக்கும், உடல் பெரிதாகப் பருக்காத நிலையிலேயே இந்நோய் வந்துவிடுகிறது என்பதும் உலகறிந்த உண்மை. “நான் மெலிந்தவன், எனக்கென்ன?” என்று யாரும் இருந்துவிடலாகாது.

எண்கள் வைத்தியருடையவை. என்னிடம் இருப்பவை வேறு ஆவணங்கள். என் தொழில் நொத்தாரிசுத் தொழிலும் ஆகும். காணி ஈடு வைப்பவரும் விற்பவரும் என் மேசைக்கு வருகிறார்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். மனம் மாறிக் குடும்பத்தில் பிணக்கு வரக் கூடாதே என்பதற்காகக் கேட்பேன். மகளுக்குச் சீதனம் என்பார்கள், மகனுக்கு வெளிநாடு என்பார்கள். இப்போது அடிக்கடி கேட்கும் மறுமொழி வேறு: “வாப்பாட கால்.” “உம்மாட கிட்னி.” அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், அந்த உரிமையை நாம் உயிரைப் போல் காக்க வேண்டும். ஆனால் கொழும்புக்குப் போய்வரும் வாகனச் செலவு இலவசமன்று. அங்கே தங்குவது இலவசமன்று. கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவது இலவசமன்று. வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகும் மகன் அந்நாட்களில் வேலைக்குப் போக முடியாது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்த காலத்திலிருந்து, தன் வயலைக் காக்க எத்தனையோ மனுப் போட்ட குடும்பம், எந்த அரசாங்கமும் பறிக்காத இரண்டு ஏக்கரை ஒரு புண்ணுக்காக இழக்கிறது. காணி உரிமைக்காக மேடையேறும் நாம் இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

பணத்தால் அளக்க முடியாதவையும் உண்டு. கண் மங்கிய தையற்காரர். மருதமுனைத் தறியில் அமர முடியாமற்போன நெசவாளி. கடல் மணலில் வெறுங்காலோடு நடந்து, முள் குத்தியதே தெரியாமல், மூன்றாம் நாள் புண்ணோடு வரும் மீனவர். உணர்ச்சியற்ற கால் நோவதில்லை. அதுவே அதன் ஆபத்து.

ஒரு நாளைய கோப்பைகள்

இனிக் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். உணவில் சேர்க்கும் சீனி, மொத்த உணவுச் சக்தியில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருபதிலொரு பங்குக்குள் நின்றால் இன்னும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டிற்று. இருபதிலொரு பங்கு என்றால் ஏறத்தாழ 25 கிராம், ஆறு தேக்கரண்டி. தட்டிய கரண்டி, நம் வீட்டுக் குவித்த கரண்டியன்று. சுபஹுக்குப் பின் ஒரு தேத்தண்ணி, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, அசருக்குப் பின் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. பத்துக் கரண்டி முடிந்தது. இன்னும் பணிஸுக்கும் பிஸ்கட்டுக்கும் நாம் வரவேயில்லை. பிற்பகல் வெயிலில் 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றைக் குடித்தால், 100க்கு 10 கிராம் என்று வைத்தாலும், இன்னும் பத்துக் கரண்டி. சர்க்கரையும் கித்துல் பாணியும் சீனியல்ல, அவற்றால் கேடில்லை என்று நம்புவோர் பலர். எருமைத் தயிரின் மேல் பாணியை ஊற்றும்போது எனக்கும் அப்படி நம்பவே ஆசை. உடம்பு அந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பாராட்டுவதில்லை.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. நாக்கு பழகக் கூடியது. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி ஒரு மாதம், ஒன்றாக்கி ஒரு மாதம் என்று இறங்கியவர்கள், பழைய தேத்தண்ணியை மறுபடியும் குடிக்க நேரும்போது முகம் சுளிப்பதை நீங்களே காணலாம்.

சோற்றுக்கு வருகிறேன். இங்கேதான் எதிர்ப்பு வரும் என்று அறிவேன். சம்மாந்துறையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் நெல்லால் வாழும் ஊர்கள். இலங்கையின் பெரிய நெற்களஞ்சியங்களுள் ஒன்று நம் மாவட்டம். இங்கே நின்று சோற்றைக் குறை என்பவன் விவசாயியின் வயிற்றில் அடிக்கிறான் அல்லவா? இல்லை என்று காட்டுகிறேன்.

நம் கரையையும் ஒரு காலத்தில் ஆண்ட ஒல்லாந்தர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பத்தாவியாவில் ஒரு நோயால் அவதியுற்றார்கள். கால் வலுவிழந்து, நரம்பு தளர்ந்து மாயும் பெரிபெரி நோய். எய்க்மன் என்ற அவர்களின் வைத்தியர், தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளும் அதே போன்ற நோயில் தளர்வதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தபோது தேறுவதையும் கண்டார். பின்னாளில் 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூறாண்டுக்கு மேலாக உலகம் அறிந்த உண்மை இது: நெல்லின் நன்மையில் பெரும்பங்கு அதன் தவிட்டில். நாமோ தவிட்டைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட்டுவிட்டு, எஞ்சிய வெள்ளை மணியை “நல்ல அரிசி” என்று பெயரிட்டுக் கூடிய விலைக்கு வாங்குகிறோம். 2014இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், வைத்தியர் வி. மோகன் தலைமையில், உடல் எடை மிகுந்தோருக்கு வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாகத் தவிட்டரிசிச் சோறு கொடுத்துப் பார்த்தார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் இரத்தச் சீனி ஏறும் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே நம் விவசாயி நெல் விளைவிக்கட்டும். ஆலைக்காரர் அதைத் தீட்டித் தேய்க்காமல் விடட்டும். சிவப்பு நாட்டரிசிக்கு நியாய விலை கிடைக்கட்டும். மேட்டு நிலத்தில் குரக்கனும் பயறும் கௌபியும் போடுபவருக்கும் சந்தையில் ஓரிடம் பிறக்கட்டும். தவிட்டரிசியானாலும் அளவு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலையாகக் குவித்த சிவப்புச் சோறும் மலைதான்.

கோப்பையின் கணக்கைக் காட்டிலும் தட்டின் கணக்கு எளிது. பாதித் தட்டுக்கு மரக்கறியும் கீரையும். கால் தட்டுக்கு மீன், முட்டை, பருப்பு, கடலை இவற்றுள் ஒன்று. மிச்சக் கால் தட்டுக்குச் சோறு. நம் தட்டில் இன்று முக்கால் பங்கு சோறு. ஓரத்தில் ஒரு துண்டு மீன். கடலை வாசலில் வைத்துக்கொண்டு மீனைத் தொடுகறியாக உண்ணும் மக்கள் நாம்! விலை கூடிய அறக்குளா வேண்டுமென்று யார் சொன்னது? சாளையும் கீரியும் மலிந்து கிடக்கும் பருவங்கள் இல்லையா? மோகனும் அவர் தோழர்களும் இந்திய மக்களின் உணவைக் கணக்கிட்டு எழுதியதும் இதுவே: உணவுச் சக்தியில் மாப்பொருளின் பங்கைப் பாதியளவுக்கு இறக்கிப் புரதத்தை ஏற்றினால், புதிதாக நோய் கண்டோரில் பலர் அதனின்று மீள வழியுண்டு. பிரித்தானியாவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியக் கண்காணிப்பில் கடுமையாக உணவைக் குறைத்து எடையை இறக்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டின் முடிவில் மருந்தின்றி நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். இன்சுலினோ, சீனியை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதானவருக்குப் பருப்பும் மீனும் எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். நோன்பு காலத்தில் மருந்தின் வேளையையும் அளவையும் எப்படி மாற்றுவது என்பதை ரமழான் பிறப்பதற்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு அறிய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை உலமாக்கள் விளக்குவார்கள்.

நோன்பைப் பற்றிச் சொன்னதால் ஒன்றை மனம் விட்டுச் சொல்லுகிறேன். பசியை உணர்த்த வந்த மாதத்தில், மஃரிபுக்கும் தராவீஹுக்கும் இடையே நாம் உண்பது என்ன? பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஸுன்னத்து. கஞ்சியும் நம் ஊர் மரபு. அதன்பின் சர்பத், பலூடா, சமோசா, ரோல்ஸ், வட்டிலாப்பம், அப்புறம் சோறு! வயிற்றில் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்பித்ததை மிம்பரில் கேட்கிறோம். சஹனைக் கண்டதும் மறக்கிறோம். வள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பாலும் உணவின் அளவையே பேசினார். இரு சமூகத்தாரும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்

பெரிய காரியங்கள் கொழும்பில் நடக்க வேண்டும். குளிர்பான வரி ஆட்சிக்கு ஆட்சி ஆடாமல் நிற்க வேண்டும். சீனி வரியால் வரும் பணத்தில் ஒரு பங்கு நீரிழிவு மருந்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். கோதுமை மாவுக்கும் வெள்ளை அரிசிக்கும் காட்டும் அக்கறையைப் பயறுக்கும் முட்டைக்கும் காட்ட வேண்டும். அரசாங்கம் நினைத்தால் மக்களின் உடம்பையே மாற்றலாம் என்பதற்கு, நம் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் மொரிசியஸ் தீவு சாட்சி. அங்கே 1987இல் மலிவு விலைச் சமையல் எண்ணெயில் பாம் எண்ணெயைக் குறைத்துச் சோயா எண்ணெயைச் சேர்த்தார்கள். ஐந்தாண்டில் மக்கள் இரத்தத்தில் கொழுப்பு இறங்கிற்று. வீட்டுக்கு வீடு பிரசங்கம் செய்தா இறக்கினார்கள்?

ஆனால் கொழும்பு அசையும் வரை கல்முனை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நமது பள்ளிவாசல் நிருவாகங்கள் ஒரு முடிவெடுத்தால் ஊரே கேட்கும்; ஜனாஸா வீட்டில் ஆடம்பரம் கூடாது என்று எத்தனையோ ஊர்கள் முடிவெடுத்து நடத்திக் காட்டவில்லையா? வலீமாவில் குளிர்பானப் போத்தல் இல்லை, வேண்டுமானால் தண்ணீரும் மோரும் என்று ஒரு மஹல்லா தொடங்கட்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உண்டு. அதனை வாசித்த அதிபர்கள் எத்தனை பேர் என்று பெற்றோர் சங்கம் கேட்கட்டும். கடலையும் அவித்த பயறும் விற்கும் ஏழைப் பெண்ணுக்குப் பாடசாலை வாசலில் இடமில்லை. வண்ணத் தண்ணீர் விற்கும் வண்டிக்கு இடம் உண்டு. இந்த நீதியை மாற்ற பாராளுமன்றம் தேவையா? மாநகர சபை போதுமே. பெண்கள் மாலையில் கூச்சமின்றி நடக்க ஒரு பாதை, ஒரு திடல், வெளிச்சத்தோடு வேண்டும். வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் தாய்மாரிடம் நடங்கள் நடங்கள் என்று வைத்தியர் சொல்லுகிறார். எங்கே நடப்பது என்று அவர்கள் கேட்டால் அவரிடம் மறுமொழி இல்லை. மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் வாக்குக் கேட்டு வரும் நாம்.

கடைசியாக, நம் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, ஒவ்வொரு கூட்டத்திலும் சிவப்புக் குறிப் போத்தல், முடிவில் பிரியாணிப் பார்சல். ஒரு மாதத் தேர்தலில் நம் தொண்டர்கள் ஏற்றிக்கொள்ளும் சீனியை ஐந்து வருட ஆட்சியாலும் இறக்க முடியாது! அடுத்த கூட்டத்திலிருந்து அந்தப் போத்தல்கள் நம் மேடைக்கு வரக் கூடாது என்பதைப் பிரேரணையாகவே கொண்டு வருகிறேன். இன்று வெளியே மேசையில் வைத்திருக்கும் பிளேன் டீயில் சீனி போடவில்லை. சீனி தனியாக ஒரு கிண்ணத்தில், சிறிய கரண்டியோடு இருக்கிறது. வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். அதன் அருகே வைத்திய நண்பர்கள் இருவர் இரத்தச் சீனி பார்க்கும் கருவியோடு அமர்ந்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயது தாண்டியோர் அனைவரும் விரலை நீட்டிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரேரணையை வாசிக்கும்படி செயலாளர் அவர்களை அழைக்கிறேன்.